முதலில் பெயரை அடிக்கச் சொல்லுங்கள்

நான் ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் என் செல்போனுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "சார், பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ் நல்லது?" கேட்பது பெரும்பாலும் சங்கீதா. புதுச்சேரி பக்கம் வில்லியனூர் அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் இருக்கிறாள். விண்டோஸ் பத்துக்கு இனிப் புதுப்பிப்பு கிடையாது, பதினொன்று பழைய மெஷினில் ஏறாது என்று ஆன நாளிலிருந்து, பரண் மேல் கிடந்த லேப்டாப்பெல்லாம் இறங்கி, விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் ஏற்றிக்கொள்ள அவள் மேசைக்கு வருகின்றனவாம். போன வாரம் நேராகவே கேட்டுவிட்டாள். "சார், ஒரே வார்த்தையில சொல்லுங்க. லினக்ஸ்ல மின்ட்டா, லுபுண்டுவா?"

ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தால் நான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியிருக்க வேண்டியதில்லை என்று சிரித்துச் சமாளித்தேன். ஆனாலும் அந்தப் பெண் கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். நீளமாகவே சொல்லிவிடுகிறேன். இதில் என் பெருமையும் வரும், நான் முகத்தில் கரி பூசிக்கொண்ட கதையும் வரும். இரண்டாவதுதான் முக்கியம்.

நான் ஐடிஐ படித்தவன். கொஞ்ச காலம் டிவி ரிப்பேர், பிறகு வில்லியனூரில் இந்தக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனி. வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் எங்களிடம் இருந்தது. எலி கடித்த வயர், பல்லி செத்துக் கிடந்த சிபியு, சாக்பீஸ் தூள் அப்பிய ஃபேன் என்று என் பயிற்சிக் காலம் ஓடிப்போயிற்று. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கடைசி வரைக்கும் நான் இரண்டு விரலால்தான் டைப் அடித்தேன். கீயைப் பார்த்து, தேடி, குத்துவேன். கம்ப்யூட்டர் பிரிக்கிறவனுக்கு டைப்பிங் எதற்கு என்பது என் கட்சி.

எங்கள் மேலதிகாரி கிளாரா மேடம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்பு செய்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், முந்தானையால் துடைப்பார், மறுபடி போட்டுக்கொள்வார், "ம்" என்பார். அவ்வளவுதான். அந்த 'ம்'முக்குப் பயந்து நாங்கள் ஐந்து பேர் ஒழுங்காக வேலை செய்தோம்.

சனிக்கிழமைகளில் ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு லேப்டாப்பைக் கொண்டுவரலாம் என்று மேடம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அந்த மேசையில் எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. கழற்றிய திருகாணிகள் முட்டை அட்டையின் குழிகளில் கழற்றிய வரிசைப்படி போக வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க்கைப் போட்டால் பாதி வியாதி அதிலேயே போய்விடும், ஆகவே அதை முதலில் கேட்க வேண்டும். ராம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நாலு ஜிபி இருந்தால் கனமில்லாத மின்ட் தாராளமாக ஓடும். இரண்டுதான் என்றால் லுபுண்டு மாதிரி இன்னும் ஒல்லியான ஒன்று. எதையும் உடனே ஏற்றிவிடக் கூடாது. பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க வேண்டும். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, எல்லாம் பார்த்த பிறகுதான் உள்ளே ஏற்றுவது.

இதெல்லாம் எந்த மெக்கானிக்கும் செய்வது. மேடத்தின் சொந்த விதி வேறு. ஏற்றுவதற்கு முன்னால், பென்டிரைவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, லேப்டாப்பை அதன் சொந்தக்காரர் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். "உங்க பேரை அடிங்க" என்று சொல்ல வேண்டும். அவர் அடித்து முடிக்கும் வரை நம் இரண்டு கையும் நம் தொடைக்கு அடியில் இருக்க வேண்டும். தொடைக்கு அடியில்! ஐம்பது வயதுக்காரனைப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார வைத்தார்.

"பேரை அடிக்கறதுல இன்னா மேடம் தெரியும்?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"எல்லாம் தெரியும். கண்ணு தெரியுதா, எழுத்து சின்னதா இருக்குதா, கீ ஏதாவது செத்துப் போச்சா, தமிழ்ல அடிக்கிறாரா இங்கிலீஷ்லயா, பயப்படறாரா இல்லையா. மெஷினைக் கேக்காத ஏழுமலை, ஆளைக் கேளு" என்றார்.

இதன் அருமை எனக்குப் புரிந்தது மடுகரைக் கரும்பு விவசாயி ஒருவரால். பெயர் பாலகிருஷ்ணன். லேப்டாப் பன்னிரண்டு வருஷப் பழசு. லினக்ஸ் புதிதாகக் கற்றுக்கொண்ட திமிரில் இருந்தேன் நான். இருப்பதிலேயே இலேசான ஒன்றைத் தேடிப்பிடித்து ஏற்றிக் கொடுத்தேன். பட்டனை அழுத்தினால் தும்முவதற்குள் எழுந்து நிற்கும். திரையில் ஒரு ஐகான் கிடையாது, பட்டை கிடையாது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலையில் அலுவலக போனில் அவர்.

"தம்பி, கம்ப்யூட்டரைக் கழுவி வச்சிட்டியா? ஒண்ணுமே காணோம்."

"ரைட் கிளிக் பண்ணுங்கய்யா, எல்லாம் வரும்."

"நான் எதுக்கு ரைட் கிளிக் பண்ணணும்? என் டிராக்டர் எங்க?"

அவர் கேட்டது வால்பேப்பரை. புது டிராக்டரின் முன்னால் குடும்பத்தோடு நின்று எடுத்த படம் அது. அதைக் காணாமல் மனிதர் இரவு சரியாகச் சாப்பிடவில்லையாம். மேடம் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். "ம்." பிறகு அவரே என்னோடு மடுகரைக்கு வந்தார். மின்ட் ஏற்றினோம். கீழே இடது மூலையில், அவர் கை பழகிய அதே இடத்தில் மெனு. இன்டர்நெட் ஐகானின் கீழே தமிழில் 'இன்டர்நெட்' என்றே பெயர். திரை நிறைய டிராக்டர். அவர் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே!

திரும்பி வரும்போது வேனில் மேடம் சொன்னார்: "வூடு மாத்தினாலும் சாமி படம் அதே பக்கம் இருக்கணும், ஏழுமலை. மெஷின் ஒரு நிமிஷம் லேட்டா எழுந்தா ஆளு காத்திருப்பாரு. எழுந்த மெஷினை அடையாளம் தெரியலன்னா காத்திருக்க மாட்டாரு."

ஆகவே சங்கீதா, மின்ட்டா லுபுண்டுவா என்ற கேள்விக்குப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் நீ அதோடு எழுந்து போய்விடாதே. முகத்தில் கரி பூசிக்கொண்ட கதை இனிமேல்தான்.

கிளாரா மேடம் ஓய்வு பெற்றுப் போன பிறகு மேசை என் பொறுப்புக்கு வந்தது. சில வருஷம் ஓடி, எனக்கும் ஓய்வுக்கு ஒரு வருஷம்தான் பாக்கி. எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு உச்சத்தில் இருந்த காலம். அப்போதுதான் குருவிநத்தத்திலிருந்து தனலட்சுமி அம்மா போன் செய்தார்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும். இளம் வயதில் தமிழ்த் தட்டச்சு ஹையர் பாஸ் செய்தவர். வேலை கிடைக்கவில்லை, கல்யாணம் ஆனது, ஐந்தாறு வருஷத்துக்கு முன் கணவர் இறந்துவிட்டார். இருபது வருஷமாக நடவு, களையெடுப்பு, மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலை பறிப்பு. இப்போது முட்டி இரண்டும் மடங்க மாட்டேன் என்கின்றன. ஏழாவது படிக்கும் மகள் மலர் இருக்கிறாள். புதுச்சேரியில் ஒரு பதிப்பகம் வீட்டிலிருந்தே டைப் அடித்துத் தர ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டுப் போயிருக்கிறார். அவர்கள் எழுபது பக்கக் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கையில் கொடுத்து, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அடித்து மெயிலில் அனுப்பு, பிழை அதிகம் இல்லாமல் இருந்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து மணி தாண்டினால் வரிசையில் அடுத்த ஆள்.

கையில் இருந்தது ஒரு பழைய லேப்டாப். நாத்தனார் மகள் பிரான்சிலிருந்து வந்தபோது விட்டுவிட்டுப் போனது. அதில் இருந்த விண்டோஸ் எழுந்து நிற்பதற்குள் உலை கொதித்துவிடும் என்றார்.

எனக்கு அன்று பாகூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. போகிற வழியில் டிரைவரிடம் சொல்லி குருவிநத்தத்தில் இறங்கிக்கொண்டேன். ராம் நாலு ஜிபி, எஸ்எஸ்டி ஏற்கெனவே இருந்தது. மின்ட் போதும் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பென்டிரைவைச் செருகினேன். வைஃபை, சத்தம், மூடி, எல்லாம் பார்த்தேன். அடுத்து பேரை அடிக்கச் சொல்ல வேண்டும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் ஹாரன். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் காத்திருக்கிறாராம். பேரை அப்புறம் அடிக்கச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து 'நிறுவு' என்பதை அழுத்திவிட்டேன்.

பாதியில் தனலட்சுமி அம்மா கேட்டார். "சார், இந்தப் பிரதி வெளிய யாரு கைக்கும் போகக் கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. ஏதாவது பூட்டு கீட்டு உண்டா?"

முதல் முதலாக கம்ப்யூட்டர் வைத்துக்கொள்கிறவர்களுக்கு டிஸ்க் முழுவதையும் பூட்டாதே என்பதும் மேடம் சொன்னதுதான். சாவி தொலைந்தால் செய்தவனாலேயே திறக்க முடியாத பூட்டு அது. ஆனால் ஒரு அம்மா ஆசையாகக் கேட்கும்போது இந்த ஏழுமலைக்கு வித்தை காட்டாமல் இருக்க முடியுமா?

"பலமாவே போட்டுடலாம்மா. பிரெஞ்சு போலீசே வந்தாலும் தொறக்க முடியாது" என்றேன். "சாவிச்சொல் ஒண்ணு சொல்லுங்க."

"மலர் ஏழுன்னு வைங்க சார். ஏழாவது படிக்கிறா."

கீயைத் தேடித் தேடி, இரண்டு விரலால் malar7 என்று குத்தினேன். அடித்தது திரையில் புள்ளிகளாகத்தான் தெரியும். மறுபடி ஒரு முறை கேட்டது, மறுபடி குத்தினேன். இரண்டும் ஒன்றுதான் என்று ஏற்றுக்கொண்டது. ஏற்றி முடிந்து மெஷின் மறுபடி எழுந்து சாவிச்சொல் கேட்டபோதும் அப்படியே குத்தினேன், திறந்தது. அப்புறம்தான் விதி ஞாபகம் வந்து, "உங்க பேரை அடிங்கம்மா" என்று திருப்பி வைத்தேன். அவர் ஆங்கிலத்தில், கீயைப் பார்த்துப் பார்த்து, தம் பெயரை அடித்தார். திரையில் வந்தது இது:

dhqnqlqksh;i

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரான்ஸ் லேப்டாப் அல்லவா! அந்த ஊர்க் கீபோர்டில் எழுத்துகள் வேறு வரிசையில் இருக்கும். நம் ஊரில் க்யூ இருக்கும் இடத்தில் அங்கே ஏ, ஏ இருக்கும் இடத்தில் க்யூ, டபிள்யூ இருக்கும் இடத்தில் இசட். எம் கூட இடம் மாறி உட்கார்ந்திருக்கும். மெஷின் நம் ஊர் வரிசை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, கீயின் மேல் அச்சடித்திருப்பது பிரெஞ்சு வரிசை. உடனே கீபோர்டு பிரெஞ்சு என்று சிஸ்டம் முழுவதற்கும் அடியோடு மாற்றினேன். இப்போது தனலட்சுமி என்று சரியாக வந்தது. தமிழுக்கு அவர் பழகிய தட்டச்சு மெஷினின் வரிசையைத் தனியாக அமைத்துக் கொடுத்தேன். அதில் கீயின் மேல் எழுதியிருப்பது எதுவாக இருந்தால் என்ன, அவர் எங்கே பார்க்கப் போகிறார்? பத்து விரலையும் வைத்தார் பாருங்கள், ஆலங்கட்டி மழை மாதிரி இருந்தது. இருபது வருஷம் களைக்கொத்து பிடித்த கை அது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"ஆஃப் பண்ண வேணாம்மா. மூடி வச்சா தூங்கும், தொறந்தா எழுந்துக்கும்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் வேனில் ஏறினேன். தினமும் ஒரு பிரதியை வேறு எதிலாவது எடுத்து வையுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதையும் சொல்லவில்லை.

ஒன்பது நாள் ஒரு பிரச்சினையும் இல்லை. பத்தாவது நாள், அந்த வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணிக்கு போன்.

"சார், நேத்து டிரான்ஸ்பார்மர் வேலைன்னு நாள் பூரா கரண்ட் இல்ல. பேட்டரி தீந்து ஆஃப் ஆயிடுச்சு. இப்ப போட்டா சாவிச்சொல் கேக்குது. மலர் ஏழு போட்டா தப்புங்குது. அறுபத்தாறு பக்கம் முடிச்சிட்டேன் சார். நாலு பக்கம்தான் பாக்கி."

ஒன்பதரைக்கு குருவிநத்தத்தில் இருந்தேன். malar7 என்று நானே அடித்தேன். தவறு என்றது. பெரிய எழுத்தில் அடித்தேன், முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கி அடித்தேன், நடுவில் இடைவெளி விட்டு அடித்தேன். தவறு, தவறு, தவறு. கீபோர்டை மாற்றியது நான்தானே, அதனால் இருக்குமோ என்று ஒரு சந்தேகம் மனசின் ஓரத்தில் வந்தது. ஆனால் இப்போது கீயில் இருப்பதும் மெஷின் நினைப்பதும் ஒன்றாகத்தானே ஆகிவிட்டது, சரியாக அல்லவா திறக்க வேண்டும் என்று அந்தச் சந்தேகத்தை நானே தள்ளிவிட்டேன். பயத்தில் இருக்கிற மூளை அப்படித்தான் வேலை செய்கிறது.

மணி பதினொன்று. தலைகீழாக நின்றும் பார்த்தாயிற்று. அறுபத்தாறு பக்கத்தை மறுபடி ஒரு பகலில் யாராலும் அடிக்க முடியாது. பிரெஞ்சு போலீசாலும் திறக்க முடியாது என்று சொன்ன வாய்க்கு இப்போது எச்சில் ஊறவில்லை. சர்வீஸில் அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"அம்மா, என்னால இதைத் தொறக்க முடியல. வேற யாராலயும் முடியாது. தப்பு என்னுது."

சொல்லும்போதே வெட்கமாக இருந்தது, துக்கமாகவும் இருந்தது. அந்த அம்மா திரும்பினார். உள்ளே போனார். அழுகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது ஒரு கையில் டீ, மறு கையில் மலருடைய பழைய நோட்டு.

"சார், நான் ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. அன்னிக்கு கம்ப்யூட்டர் எனக்கு ஒரு பேரு வச்சுதே, அதைப் போட்டுப் பாக்கலாமா?"

"கம்ப்யூட்டர் பேரு வச்சுதா?"

"ஆமா சார். நான் என் பேரை அடிச்சேன், அது வேற ஒண்ணு காட்டிச்சு. நீங்களும் சிரிச்சிக்கினே 'சரி'ன்னு என்னமோ பண்ணீங்க. ரேஷன் கார்டுக்கு நம்பர் குடுக்கற மாதிரி இது எனக்குக் குடுத்த பேருன்னு நெனச்சு எழுதி வச்சிக்கினேன்."

நோட்டை நீட்டினார். முதல் பக்கத்தில், கோடு போட்டு, முத்து முத்தான கையெழுத்தில்: dhqnqlqksh;i

ஒரு எழுத்து விடாமல், அரைப்புள்ளி உட்பட எழுதி வைத்திருந்தார். கடவுளே! நான் அன்று சிரித்துவிட்டு அழித்த வரி. அந்த அம்மா அதைப் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பூட்டுப் போட்டபோது மெஷின் நம் ஊர் வரிசையில் இருந்தது. நான் கீயின் மேல் எம் என்று பார்த்துக் குத்தினேன், மெஷின் அதை அரைப்புள்ளி என்று எழுதிக்கொண்டது. ஏ என்று குத்தினேன், க்யூ என்று எழுதிக்கொண்டது. பூட்டின் சாவி malar7 ஆகவே இருந்ததில்லை. எந்த எழுத்து எதுவாக மாறியது என்பதற்கான பட்டியல் என் கையில், அந்த நோட்டில் இருக்கிறது.

அவருடைய பெயருக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். எம் அரைப்புள்ளி, ஏ க்யூ, எல் அப்படியே, ஏ க்யூ, ஆர் அப்படியே, கடைசியில் ஏழு. ;qlqr7

அடித்தேன். தவறு என்றது.

மறுபடி அடித்தேன். தவறு.

"போச்சு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

தனலட்சுமி அம்மா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், ஏழுங்கற எண்ணை எப்படி அடிச்சீங்க?"

"ஏழு போட்ட கீயை அழுத்தினேம்மா."

"அந்தக் கீயில ரெண்டு எழுத்து இருக்குது பாருங்க. கீழ ஏதோ கொம்பு வச்ச எழுத்து. ஏழு மேல இருக்குது."

"அதனால இன்னா?"

"மேல இருக்கற எழுத்துக்கு ஷிஃப்ட் புடிக்கணும் சார்." கொஞ்சம் தயங்கி, "டைப் கிளாஸ்ல மொத வாரமே சொல்லிக் குடுப்பாங்க" என்றார்.

நம் ஊர் வரிசையில் எண்ணுக்கு ஷிஃப்ட் வேண்டாம். பிரெஞ்சு வரிசையில் வேண்டும். இத்தனை வருஷம் கீபோர்டோடு குடும்பம் நடத்தியும் இரண்டு விரலில் குத்துகிற எனக்கு அது தோன்றவில்லை. நான் எழுந்துகொண்டேன். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பாயில் உட்கார்ந்து என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"நீங்க அடிங்கம்மா."

நோட்டைப் பார்த்து அடித்தார். இடது கைச் சுண்டுவிரல் ஷிஃப்டில், வலது கை ஏழில். திரை ஒரு நொடி கறுத்தது. பிறகு வெளிச்சம் வந்தது. அறுபத்தாறாம் பக்கத்தின் கடைசி வரி வரைக்கும் அப்படியே இருந்தது.

"வந்துடுச்சு சார்!" என்று கை தட்டினார். நானும் தட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, லாட்டரியா?" என்று கேட்டார்.

முதல் வேலையாக எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் மீதி நாலு பக்கத்தை அடிக்க, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டேன். மூன்றே முக்காலுக்கு அவருடைய செல்போனிலிருந்து இன்டர்நெட் எடுத்து மெயில் போயிற்று. அதன் பிறகு பூட்டை எடுத்துவிட்டு மறுபடி மின்ட் ஏற்றினேன். இந்த முறை பேரை முதலில் அடிக்கச் சொன்னேன்.

அன்று சாயங்காலமே மேடத்துக்கு போன் செய்து நடந்ததை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "பேரை அடிக்கச் சொன்னியா?" என்றார்.

"சொன்னேன் மேடம். பூட்டுப் போட்டதுக்கு அப்புறம்."

போனை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடியைத் துடைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"ம்" என்றார். அப்புறம் அவரே அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

தனலட்சுமி அம்மாவுக்கு வேலை கிடைத்தது. எழுபது பக்கத்தில் மூன்றே பிழைகளாம், அதில் இரண்டு கையெழுத்துப் பிரதியிலேயே இருந்தவை என்று அவர் இன்றும் வாதாடுகிறார். களைக்கொத்தை மருமகள் முறை ஆகிற ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூட விழா அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ் எதுவானாலும் இப்போது அவர் கையில்தான் அடிபடுகிறது.

அதனால்தான் நான் ஓய்வு பெற்ற அன்று, அலுவலகத்தில் எனக்குப் படித்துக் கொடுக்க வேண்டிய வாழ்த்து மடலை சங்கீதா அவரிடமே அடிக்கக் கொடுத்திருந்தாள். கிளாரா மேடமும் வந்திருந்தார். மாலை போட்டார்கள், மிக்சர், காபி கொடுத்தார்கள். மடலைப் படிப்பதற்கு எழுந்த சங்கீதா முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக என் காதருகே வந்தாள்.

"சார், பெரிய தப்பு நடந்து போச்சு. மேல பெரிய எழுத்துல உங்க பேரே தப்பா வந்திருக்குது. தமிழ்லகூட இல்ல. அவசரத்துல நான் பாக்கல. வேற பிரிண்ட் எடுத்துக்கினு ஓடி வந்துடறேன்."

மடலை வாங்கிப் பார்த்தேன். பூ வேலை செய்த ஓரம், நடுவில் பெரிதாக:

ewhu;qlqi

பின் வரிசையில் தனலட்சுமி அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். நான் மடலை மேடத்திடம் நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றாமலே படித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

"வேணாம்மா" என்றேன் சங்கீதாவிடம். "என் பேரு அதான். அப்படியே படி."